வெக்கை தணிக்கும் அறிதுயில்

எமது கல்லூரியின் ஆசிரியர் ஓய்வறையில், மின்விசிறிக்கு நேர்கீழே ஒரு நாற்காலி உண்டு. அதில் வேறெவரும் அமர்வதில்லை. மூத்த ஆசிரியை ஒருவருக்கு உரியதென்பது அங்கே எழுதப்படாத விதி. மார்கழி மாதத்துக் குளிர்காலையிலும், வெளியே மழை தூறிக்கொண்டிருக்கும் வேளையிலும், வகுப்பு முடிந்து வந்ததும் அவர் அங்கேதான் அமர்வார். முகமும் கழுத்தும் கனன்று, நெற்றியில் வியர்வை அரும்பியிருக்கும். சேலைத் தலைப்பினால் ஒற்றிக்கொள்வார். மூன்று நான்கு நிமிடங்கள் கழிந்ததும் ஏதும் நிகழாதது போலக் கொப்பிக் கட்டை எடுத்துத் திருத்தத் தொடங்கிவிடுவார். காய்ச்சலோ என்று நாம் ஒருமுறை வினவியபோது அவர் கூறிய விடை இன்றும் எம் செவியில் நிற்கின்றது.

"ஒண்டுமில்லைத் தம்பி. உள்ளுக்கை ஆரோ அடுப்பு மூட்டின மாதிரி. கொஞ்ச நேரத்திலை அணைஞ்சிடும்."

முழுக் கதையையும் நாம் அறிந்தது சில மாதங்களுக்குப் பின்னர். அதுவும் அவர் வாயிலாகவன்று, எமது இல்லாள் வாயிலாக. பெண்கள் பெண்களிடம் மட்டும், அதுவும் தணிந்த குரலிற் பேசிக்கொள்ளும் செய்திகளுள் இதுவும் ஒன்றன்றோ! அவ்வாசிரியைக்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர் மார்பகப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. அதனையடுத்து மாதவிடாய் முற்றாக நின்றுவிட்டது. அன்று தொடங்கியதே இந்த வெக்கை. பகலில் எட்டுப் பத்துத் தடவை வரும். இரவில் நான்கு தடவையேனும் வியர்வையில் நனைந்து விழித்து, உடை மாற்றி, மீண்டும் துயில் வராது முகட்டைப் பார்த்தபடி கிடப்பாராம். காலை ஏழரை மணிக்குத் தாவரவியல் வகுப்புக் காத்திருக்கும். இத்தகைய வெக்கைக்கு ஓமோன் மருந்தே மிகச் சிறந்த பரிகாரம். ஆனால் அவருக்கு வந்த நோயை எண்ணி, அம்மருந்து ஆகாதென்று வைத்தியர்கள் கூறிவிட்டனர்.

நாம் வைத்தியரல்லேம், வாசிப்பிற் பிரியமுள்ள ஓர் ஆசிரியர், அவ்வளவே. வேறு வழி உண்டோ என்று தேடி வாசித்தபோது, எதிர்பாராத ஒரு சொல் எம் கண்ணிற் பட்டது. ஹிப்னொட்டிசம்! தமிழில் மனோவசியம் என்று வழங்குவது. தயங்கித் தயங்கி அதனை அவரிடம் கூறினோம். நெடுநாளைக்குப் பின் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

"ஏன் தம்பி, என்னையும் கோழி மாதிரிக் கூவப் பண்ணப் போறியளோ?"

அவர் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எமது மண்டபத்தில் ஒரு வித்தைக்காரர் மனோவசியக் காட்சி நடத்தினார். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனை மேடைக்கு அழைத்து, "நீ உறங்குகின்றாய்" என்று கட்டளையிட்டு, அவனைச் சேவல் போற் கூவ வைத்தார். மண்டபம் அதிர்ந்தது. மாணவனின் பட்டப் பெயர் அன்று முதல் மாறிவிட்டது. அவன் உண்மையில் உறங்கினானா, அன்றி நண்பர்களை மகிழ்விக்க நடித்தானா என்பதை அவனே அறிவான். ஆனால் அக்காட்சியைக் கண்ட அனைவருடைய உள்ளத்திலும் ஒன்று பதிந்துவிட்டது: ஹிப்னொட்டிசம் என்பது ஒருவர் மனத்தை மற்றொருவர் பறித்தெடுக்கும் வித்தை. இந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை விளக்குமுன், வெக்கை எங்கிருந்து வருகின்றது என்பதை முதலிற் காண்போம்.

ஒரு பெண்ணுக்குத் தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருப்பின், மாதவிடாய் நிறுத்தம் எய்திவிட்டதென மருத்துவர் கொள்வர். பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடைப்பட்ட வயதில் இது நிகழும். சூலகங்கள் ஈஸ்திரசன் என்னும் ஓமோனைச் சுரப்பது குன்றி வருவதே இதற்குக் காரணம். இது நோயன்று; பூப்பெய்துவதைப் போன்ற ஒரு பருவமாற்றம். ஆயினும் நோயல்லாதவை யாவும் நோவில்லாதவை ஆகிவிடா. சிலருக்கு இப்பருவம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பலருக்கோ உறக்கமின்மை, படபடப்பு, காரணமில்லாச் சினம், சோர்வு ஆகியவற்றுடன் இந்த வெக்கையும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவிற் பெருந்தொகையான பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த ஓர் ஆய்வு, அடிக்கடி வெக்கை காண்போருக்கு அது நீடிக்கும் காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டுகள் என 2015இல் அறிவித்தது. "சில மாதத்திற் போய்விடும்" என்று ஆறுதல் கூறுவோர் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நன்று.

மாணவர்கள் அறிந்திருப்பர்: மூளையின் அடிப்பாகத்திற் பரிவகக்கீழ் என்றொரு சிறு பகுதி உண்டு. உடல்வெப்பத்தைக் காவல் செய்வது அதுவே. உடல் சற்று வெப்பமடைந்தால் வியர்க்கச் செய்யும். குளிர்ந்தால் நடுங்கச் செய்யும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையே, உடல் எதனையும் செய்யாது அமைதியாய் இருக்கும் ஓர் இடைவெளி உண்டு. அமெரிக்காவின் டிட்ரொயிட் நகரில் ஆராய்ச்சி செய்த றொபேட் ஃபிரீட்மன் என்பார் இந்த இடைவெளியை அளந்தார். வெக்கையில்லாத பெண்களிடம் அது ஏறத்தாழ 0.4 பாகை செல்சியஸ் இருந்தது. வெக்கையுள்ள பெண்களிடம் இடைவெளியே இல்லையென்னும்படி ஒடுங்கியிருந்தது. ஒரு கோப்பைத் தேநீர், ஒரு கணச் சினம், அடுப்படியில் இரண்டு நிமிடம் — இவ்வளவே போதும்; உடல் தீப்பற்றியது போலக் காவலன் மணியடித்து விடுகின்றான். இரத்தக் குழாய்கள் விரிகின்றன, தோல் கனல்கின்றது, வியர்வை பெருகுகின்றது.

அக்காவலனை இவ்வாறு பதற வைப்பது எது? அரிசோனாச் சர்வகலாசாலையைச் சேர்ந்த நயோமி றான்ஸ் என்னும் அம்மையார், மாதவிடாய் நின்ற பெண்களின் பரிவகக்கீழில் ஒரு கூட்டம் நரம்புக்கலங்கள் பருத்திருப்பதை 1990ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கண்டறிந்தார். ஈஸ்திரசன் என்னும் கடிவாளம் அகன்றதும் அக்கலங்கள் வரம்பின்றி இயங்குகின்றன என்பது தெரியவந்தது. அக்கலங்களிடையே நடக்கும் செய்திப் பரிமாற்றத்தைத் தடுக்கும் ஃபெசோலினற்றன்ற் என்னும் குளிசைக்கு அமெரிக்க அரசாங்கம் 2023இல் அனுமதி வழங்கியமை, அந்தப் பழைய கண்டுபிடிப்பின் கனியேயாம். ஆகவே, "எல்லாம் மனப்பிரமை" என்று இனி எவரும் ஒரு பெண்ணிடம் கூற நியாயமில்லை. வெக்கை மூளையில் உள்ளது, கற்பனையில் அன்று.

அவ்வாறாயின், மூளையிற் பிறக்கும் ஒன்றை வார்த்தைகளாலே தணிப்பது எங்ஙனம் என்று வாசகர் வினவுவர். எமக்கும் எழுந்த வினா அதுவே.

முதலில் ஓமோன் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2002ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்காவில் ஒரு பேராய்வு இடைநடுவே நிறுத்தப்பட்டது. ஈஸ்திரசனும் புரொஜெஸ்தினும் சேர்ந்த மருந்தை 16,608 பெண்களிடையே ஆராய்ந்த அந்த ஆய்வில், மருந்து உட்கொண்டோரிடம் மார்பகப் புற்றுநோய் சற்று அதிகமாகக் காணப்பட்டதே காரணம். உலகெங்கும் பெண்கள் அஞ்சி மருந்தைக் கைவிட்டனர். அவ்வச்சம் அளவு கடந்ததென்பது பின்னரே தெளிவாயிற்று. 60 வயதுக்குட்பட்ட, மாதவிடாய் நின்று 10 ஆண்டுகள் கடவாத, வேறு தடையில்லாத பெண்களுக்கு ஓமோன் மருந்தால் நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவச் சங்கங்களின் அபிப்பிராயம். எனவே அம்மருந்தைப் பழிப்பது எமது நோக்கமன்று. அம்மருந்தை உட்கொள்ள முடியாதோரும், உட்கொள்ள விரும்பாதோரும் என் செய்வர் என்பதே கேள்வி. ஹிப்னொட்டிச ஆராய்ச்சியும் அவர்களிடமிருந்துதான் தொடங்கிற்று.

டெக்சாஸ் மாகாணத்தில் வேக்கோ என்னும் நகரில் பேலர் சர்வகலாசாலை இருக்கின்றது. அங்கே உளவியற் பேராசிரியராக விளங்கும் கரி எல்கின்ஸ் என்பார், தம் குழுவினருடன் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 60 பெண்களை ஆராய்ந்தார். ஒரு பகுதியினருக்கு வாரம் ஒருமுறையாக ஐந்து தடவை ஹிப்னொட்டிசப் பயிற்சி, மறுபகுதியினருக்கு ஏதுமில்லை. பயிற்சி பெற்றோரிடம் வெக்கையின் எண்ணிக்கையையும் கடுமையையும் சேர்த்துக் கணித்த அளவு நூற்றுக்கு 68 குறைந்தது. 2008இல் இது வெளியாயிற்று.

பரீட்சைத் தாள் திருத்திப் பழகியவர்கள் இவ்விடத்தில் ஒரு தடையை எழுப்புவர், எழுப்பவும் வேண்டும். யாராவது ஒருவர் அன்போடு அருகிலிருந்து பேசினாலே மனம் ஆறுமன்றோ? வெக்கை மருந்து ஆராய்ச்சிகளில், வெறும் மாக்குளிசை விழுங்கியோரும் கணிசமாகக் குணங் கண்டதாகக் கூறுவது வழக்கம். அவ்வாறிருக்க, குறைந்தது ஹிப்னொட்டிசத்தாலா, அன்றி அன்பாலா?

எல்கின்ஸ் குழுவினர் இத்தடையைத் தாமே எழுப்பிக்கொண்டனர். அடுத்த ஆராய்ச்சியில் 187 பெண்கள். அனைவரும் மாதவிடாய் நின்றவர்கள். வாரத்துக்கு 50 தடவைக்குக் குறையாது வெக்கை காண்பவர்கள். இம்முறை மறுபகுதியினரை வெறுமனே விடவில்லை. அவர்களையும் அதே ஐந்து வாரம் அழைத்து, அதே அளவு நேரம் கவனித்து, அவர்தம் துன்பத்தைப் பொறுமையோடு கேட்டு, வீட்டிற் கேட்பதற்கு ஓர் ஒலிப்பதிவும் கொடுத்தனர். இல்லாதிருந்தது ஹிப்னொட்டிசம் ஒன்றே. 12ஆம் வார முடிவிற் கணக்கெடுத்தபோது, கவனிப்பு மட்டும் பெற்றோரின் வெக்கை நூற்றுக்கு 17 குறைந்திருந்தது. ஹிப்னொட்டிசப் பயிற்சி பெற்றோருக்கோ நூற்றுக்கு 74.

இன்னுமொரு நுட்பம் உண்டு. எம்மை மிகவும் கவர்ந்தது அதுவே. அப்பெண்கள் தம் கையாற் குறித்த கணக்கை மட்டும் ஆராய்ச்சியாளர் நம்பவில்லை. மார்பெலும்பின் மேல் இரு சிறு மின்வாய்களை ஒட்டி, வியர்வையால் தோலின் மின்கடத்துதிறன் திடீரென உயரும் கணங்களை ஒரு கருவி தானாகப் பதிவு செய்யும்படி செய்தனர். நன்றி பாராட்டும் பொருட்டு எவரும் இரண்டொன்றைக் குறைத்து எழுதலாம். தோலுக்கு அந்தத் தாட்சணியம் தெரியாது. கருவியின் கணக்கின்படியும் ஒரு பகுதியில் ஏறத்தாழ நூற்றுக்கு 57 குறைந்தது, மறுபகுதியில் 10. கைக்கணக்குக்கும் கருவிக்கணக்குக்கும் இடையே வேறுபாடு இருப்பதையும் வாசகர் கவனித்தல் வேண்டும். சில வெக்கைகள் நின்றன; வேறு சில, வந்தும் பொருட்படுத்தப்படாது போயின. நள்ளிரவில் விழிக்க நேராத பெண்ணுக்கு இவ்விரண்டும் ஒன்றே. 2013இல் வெளியான இவ்வாய்வும் இதனையடுத்தவையுமே, 2023ஆம் ஆண்டில் வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்தக் கழகம் தன் அறிக்கையில், ஓமோனில்லாச் சிகிச்சைகளுள் ஒன்றாக ஹிப்னொட்டிசத்தை எடுத்தோதக் காரணமாயின.

அவ்வறிக்கையில் ஒரு வேடிக்கையும் உண்டு. விசிறி, மெல்லிய உடை, குளிர்நீர் முதலிய குளிரூட்டும் உபாயங்கள், ஆழ்ந்து மெல்ல மூச்சு விடுதல், யோகாசனம், மூலிகைக் குளிசைகள் ஆகியவற்றை வெக்கைக்கான சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லையென அது தள்ளிவிட்டது. உண்மையான குளிருக்கு இல்லாத சான்று, மனத்தில் நினைத்த குளிருக்கு இருக்கின்றது! விசிறியை எவரும் கழற்றி வைக்க வேண்டியதில்லை. அது அந்நேரத்துக்குச் சுகம் தருவது. யோகமும் வேறு பல நன்மைகளுக்கு உரியதே. வெக்கையின் எண்ணிக்கையைக் குறைக்கும் என்று கூறுவதற்கே ஆதாரம் போதாது.

இனி, அந்தச் சேவற் கதைக்கு வருவோம்.

ஹிப்னொட்டிசத்தின் மூதாதை ஒரு மயக்கத்தில் இருந்துதான் பிறந்தது என்பதை மறைப்பதற்கில்லை. வியன்னாவிலிருந்து 1778இற் பாரிசுக்கு வந்த மெஸ்மர் என்னும் வைத்தியர், தம் உடலிலிருந்து காந்த சக்தி பாய்ந்து நோயைத் தீர்ப்பதாகக் கூறினார். 1784இற் பிரெஞ்சு மன்னன் நியமித்த குழு அதனை ஆராய்ந்தது. பெஞ்சமின் ஃபிராங்ளினும், இரசாயன மேதை லவோசியேயும் அதில் உறுப்பினர். காந்தம் எனவொன்று இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்பது அவர்கள் தீர்ப்பு. தீர்ப்புச் சரியானதே. ஆனால் கற்பனை ஒன்றே உடலை இவ்வளவு அசைக்குமாயின் அதுவன்றோ ஆராயத்தக்கது என்று அன்று கேட்டோர் அரிது.

கேட்டவர் எம் பக்கத்து மனிதர் ஒருவர். கோவாவிற் பிறந்த அபே ஃபாரியா என்னும் பாதிரியார், 1813இற் பாரிஸ் நகரிற் பகிரங்கமாகக் காட்சிகள் நடத்தி, உறங்க வைக்கும் ஆற்றல் வைப்பவரிடம் இல்லை, உறங்குபவரிடமே உண்டு என்று விளக்கினார். மக்கள் நகைத்தனர். ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழிந்து, மன்செஸ்ரர் நகர ரணவைத்தியர் ஜேம்ஸ் பிறெயிட் 1841இல் ஒரு மேடைக் காட்சியைப் புரட்டென நிரூபிக்கச் சென்று, அதிற் சிறிதுண்மை இருக்கக் கண்டு, காந்தக் கதைகளைக் களைந்தெறிந்து, உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இன்றைய பெயரைப் புகழ்பெறச் செய்தார். அதே காலத்தில், 1845இல், வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டேல் என்னும் வைத்தியர், மயக்க மருந்து வழக்கத்துக்கு வருமுன்பே, இம்முறையாற் பெரும் ரணசிகிச்சைகளைச் செய்தார். குளோறோபோம் வந்ததும் இது மறக்கப்பட்டது. பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1955இலும், அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958இலும் இதனைத் தகுந்த முறையிற் பயன்படுத்தலாமென ஏற்கும்வரை, மேடைக்காரர் கையிலேயே பெரிதும் கிடந்தது.

உறக்கம் என்ற பெயர் பொருந்தாதென்று பின்னர் பிறெயிட்டே வருந்தினார். மூளையின் மின்னலைகளை நோக்கினால் அது உறக்கமே அன்று. மனோவசியம் என்ற தமிழ்ப்பெயரோ அதனினும் தீது, மந்திரவாதியை நினைப்பூட்டுகின்றது. நல்ல காலம், எம்மிடம் ஒரு பழஞ்சொல் இருக்கின்றது: அறிதுயில். பாற்கடலிற் பள்ளிகொண்ட திருமாலின் துயிலைக் குறிக்கும் சொல். கண் மூடியிருக்கும், அறிவு விழித்திருக்கும். கலைச்சொல் ஆக்கியோர் ஹிப்னொட்டிசத்துக்கு இதனையே எடுத்து வழங்கியுள்ளனர். மேனாட்டார் இருநூறாண்டு தடுமாறிய இடத்தில், இச்சொல் ஒன்றே பாதி விளக்கத்தைத் தந்துவிடுகின்றது. இனி நாமும் அச்சொல்லையே ஆள்வோம்.

சிகிச்சை அறையில் நடப்பது இது. பெண் ஒரு சாய்கதிரையில் வசதியாய் அமர்கின்றார். முதலிற் சுவரிலுள்ள ஒரு புள்ளியை நோக்கும்படியும், பின்னர் கண்ணை மூடி, உடலின் ஒவ்வோர் உறுப்பாகத் தளர விடும்படியும் சிகிச்சையாளர் மெல்லிய குரலிற் கூறுவார். கவனம் வெளியே சிதறாது உள்ளே குவிகின்றது. நல்ல கதைப்புத்தகத்தில் ஆழ்ந்திருக்கும் பிள்ளைக்குத் தாய் சாப்பிட அழைப்பது கேட்பதில்லையே. அந்நிலைக்கு அண்மையது இது. அவ்வாறு குவிந்த மனத்தின் முன் குளிர்ச்சியான ஒரு காட்சியைச் சிகிச்சையாளர் விரிப்பார். அதனை வெறுமனே பார்ப்பதன்று. தோலில் உணர்வது, ஒலியைக் கேட்பது, மணத்தை முகர்வது. ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வீட்டிலே நாள்தோறும் ஒலிப்பதிவைக் கேட்டுப் பயில வேண்டும். சில வாரத்தில் ஒலிப்பதிவும் வேண்டாது, வெக்கையின் முதற்பொறி தெரிந்ததுமே அந்நிலைக்குத் தாமே செல்லப் பழகிவிடுவர்.

ஆக, சிகிச்சையாளர் ஆணையிடுபவர் அல்லர்; நீச்சல் பழக்குபவரைப் போன்றவர். நீந்துவது அப்பெண்ணே. விரும்பாத ஒன்றைச் செய்யுமாறு எவரும் அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. வேண்டியபோது கண்ணைத் திறந்து எழுந்து போய்விடலாம்.

எக்காட்சி குளிர்ச்சி தருமென்பதும் ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்கப் பெண்கள் தெரிந்தவற்றுள் குளிர்ந்த மலை, நீர், காற்று, பனி, மரம், இலை, காடு என்பன வந்தன. பிறர் தெரிந்து கொடுப்பதினும் தாமே தெரிந்துகொள்வதே சிறப்பென ஆய்வாளர் கருதுகின்றனர். இது நம்மவர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. கைத்தொலைபேசியில் ஆங்கில ஒலிப்பதிவுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. எல்கின்ஸ் குழுவினரே, சிகிச்சையாளர் நேரில் இல்லாது ஒலிப்பதிவினால் மட்டும் பயிலும் முறையையும் பரிசோதித்து 2025இல் வெளியிட்டனர். போலிப் பதிவைக் கேட்டோரும் ஓரளவு குணங் கண்டனர். உண்மைப் பதிவைக் கேட்டோர் அவர்களினும் கூடுதலாகக் கண்டனர். ஆனால் இரு பகுதியினருக்கும் இடையேயான தூரம் முன்னைய ஆய்விற் கண்ட அளவு பெரிதன்று. நேரில் ஓர் ஆசான் இருப்பதன் மதிப்பு அதில் உண்டென்பது ஆசிரியராகிய எமது எண்ணம். எமது தொழிற்பற்றை வாசகர் மன்னிப்பாராக.

எல்லாருக்கும் இது ஒரேயளவிற் பலிப்பதில்லை. அறிதுயிலுக்கு இசையும் தன்மை மனிதருக்கு மனிதர் வேறுபடும். அதனை அளக்க ஸ்ரான்ஃபோட் சர்வகலாசாலையில் 1959இலேயே ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது. எளிதில் ஆழ்வோர் சிலர், சிறிதும் ஆழாதோர் சிலர், பெரும்பாலோர் இடைநடுவினர். ஆழாதிருப்பது அறிவின் கூர்மைக்கு அடையாளமுமன்று, ஆழ்வது பலவீனமுமன்று. இன்னும், வெக்கை எங்ஙனம் குறைகின்றது என்பதிலும் விஞ்ஞானிகள் ஒருமுகப்படவில்லை. தன்னியக்க நரம்புத் தொகுதியின் கிளர்ச்சி தணிவதே வழியென்பது பலர் கருத்து.

அறிதுயிலுக்கு அப்பாற்பட்டவற்றையும் கூறிவிடல் கடமை. மாதவிடாய் நின்றபின் எலும்பு நலிவதை அது தடுக்காது. பிறப்புறுப்பு வறட்சிக்கு அது மருந்தன்று. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. ஓராண்டு நின்றிருந்த மாதவிடாய் மீண்டும் ஒரு துளி கண்டாலும் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்; அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கக்கூடும். இரவில் வியர்ப்பதெல்லாம் இப்பருவத்தின் வெக்கையென்றும் எண்ணிவிடலாகாது. தைரொயிட் சுரப்பி மிகையும், காசநோயும் வியர்க்கச் செய்யும். உள்ளதும் இல்லதும் பிரித்தறியாத கடும் மனநோய் உள்ளோருக்கு இது ஏற்றதன்று.

இன்னொன்று. ஊர்தோறும் "வசியத்தால் எதையும் தீர்ப்போம்" எனச் சுவரொட்டி ஒட்டுவோர் உளர். அவர்களை இனங்காண எளிய வழி, "அறிதுயில் தெரியாதிருந்தால், இந்நோய்க்கு வைத்தியம் பார்க்கும் தகுதி இவருக்கு உண்டா?" என்று கேட்டுப் பார்ப்பதே. வைத்தியர், உளவியலாளர், தாதி எனப் பயின்று அதன்மேல் இதனையும் பயின்றவரிடமே செல்ல வேண்டும்.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் மாணவருக்கும் ஒரு வார்த்தை. நள்ளிரவில் அம்மா எழுந்து யன்னலைத் திறந்தால், குளிர்கின்றதென்று முணுமுணுத்து மூடாதிருங்கள். போர்வை உங்களிடம் இருக்கின்றது.

இனி, எமது ஆசிரியையின் கதை. சிரித்தாரேயன்றி அவர் மறந்துவிடவில்லை. சில வாரங்கள் கழித்துத் தாமே கேட்டார். முதலில் அவருடைய புற்றுநோய் வைத்தியரின் சம்மதம் பெறப்பட்டது. வெளிநாட்டிற் பயின்று வந்த மனநல வைத்தியர் ஒருவரிடம் அவர் கணவர் அழைத்துச் சென்றார். "மனநல வைத்தியர்" என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் அயலவர் யாரும் பார்க்கின்றனரோ என்று இருவரும் திரும்பிப் பார்த்தார்களாம். அவ்வைத்தியர் ஒரு ஆங்கிலப் பதிவைக் கேட்கக் கொடுத்தார். அதிற் பனிமலையும் ஊசியிலைக் காடும் வந்தன. ஒரு வாரங் கழித்து ஆசிரியை அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பனியை நான் படத்திலைதான் கண்டனான், டொக்டர். படத்தை நினைச்சா உடம்பு குளிருமே?"

"அப்பிடியெண்டால் உங்களுக்குக் குளிர்ந்த இடம் எது, அம்மா?" என்று வைத்தியர் கேட்டார்.

நெடுநேரம் யோசித்து அவர் கூறினாராம்: விடியற்காலை, தாய் வீட்டுக் கிணற்றடி. துலா கிரீச்சிடும் ஓசை. வாழை மரத்தடியில் ஈரம். தலையிற் சரியும் முதல் வாளித் தண்ணீர், பிடரி வழியே முதுகில் இறங்கும்போது மூச்சு ஒரு கணம் நின்று வரும் அந்தச் சிலிர்ப்பு. அவ்வீடு இன்று இல்லை. வைத்தியர் அதனையே தமிழிற் சொல்லிப் பதிவு செய்து கொடுத்தார்.

மூன்று மாதங்கள் ஆயின. இரவில் நான்கு தடவை விழித்தவர் இப்போது ஒரு தடவை விழிக்கின்றார். சில இரவுகளில் அதுவுமில்லை. ஒருவருடைய அனுபவத்தை ஆய்வாகக் கொள்ளலாகாதென்பதை மேலே அத்தனை எண்களை எழுதிய நாமே மறப்பதெங்ஙனம்? காலம் செல்லத் தானே தணிந்ததுமாகலாம். ஆயினும் தாவரவியல் வகுப்பு மாணவர்கள், ரீச்சர் இப்போதெல்லாம் குறைவாய் ஏசுகின்றார் என்று தமக்குள் வியந்துகொள்கின்றனர்.

சென்ற வாரம் இடைவேளையில் அவர் தம் நாற்காலியிற் கண்மூடி அமர்ந்திருந்தார். புதிதாய் வந்த இளம் ஆசிரியை ஒருவர், அவர் அயர்ந்து உறங்குகின்றார் என்றெண்ணி, ஓசைப்படாது சென்று மின்விசிறியை நிறுத்தினார். மூடிய கண் திறவாமலே குரல் வந்தது.

"போடும் பிள்ளை விசிறியை. நான் கிணத்தடியிலைதான் நிக்கிறன். காத்தும் கிடந்தால் இன்னும் நல்லாயிருக்கும்."